பன்றியின் விதியும் கரடியின் புழுவும்

2022-ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் ஒரு குடும்ப விருந்து. அரிசோனாவிலிருந்தும் மினசோட்டாவிலிருந்தும் உறவினர்கள் வந்திருந்தார்கள். விருந்தின் விசேஷம் கருங்கரடி இறைச்சி. குடும்பத்தில் ஒருவர் அந்த மே மாதம் கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்துக்குப் போய், அதன் வடகோடியில் வேட்டையாடிக் கொண்டுவந்தது. வேட்டைக்கு ஏற்பாடு செய்து கொடுத்தவர்கள் ஒரு யோசனையும் சொல்லி அனுப்பியிருந்தார்கள்: ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள், ஒட்டுண்ணி இருந்தாலும் செத்துவிடும். சொன்னபடியே 45 நாள் வீட்டு ஃப்ரீசரில் கிடந்தது இறைச்சி. அதன்பின் அதை உருகவைத்து, துண்டு போட்டு, காய்கறிகளோடு கம்பியில் கோத்துக் கபாப்பாகச் சுட்டார்கள்.

கரடி இறைச்சி இயல்பிலேயே கருஞ்சிவப்பு. ஆட்டுக்கறியோ கோழியோ என்றால் வெந்ததும் நிறம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். கரடி அப்படிக் காட்டிக்கொடுக்காது. சிலர் தின்னத் தொடங்கிய பிறகுதான் உள்ளே வேகவில்லை என்று தெரிந்தது. திரும்ப அடுப்பில் போட்டு, மறுபடி பரிமாறினார்கள். விருந்து முடிந்தது, அவரவர் ஊருக்குத் திரும்பினார்கள்.

கொஞ்ச நாளில், மினசோட்டாவில் இருந்த 29 வயது இளைஞருக்குக் காய்ச்சல். உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல் தசைவலி. கண்ணைச் சுற்றி வீக்கம். 17 நாளில் நான்கு முறை மருத்துவரைப் பார்த்தார், இரண்டு முறை மருத்துவமனையில் படுத்தார். ரத்தப் பரிசோதனையில் இயோசினோஃபில் என்ற வெள்ளணு எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. ஒவ்வாமையிலும் அது ஏறும்; உடம்புக்குள் புழு திரிந்தாலும் ஏறும். இரண்டாம் முறை மருத்துவமனையில் இருந்தபோதுதான் கரடிக்கறி பேச்சுக்கு வந்தது. அதன்பின் விசாரிக்க விசாரிக்க, அந்தப் பந்தியில் உட்கார்ந்தவர்களில் ஆறு பேருக்கு நோய் என்று தெரிந்தது. 12 வயதிலிருந்து 62 வயது வரை. மூவரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது, எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள்.

ஆறு பேரில் இரண்டு பேர் கரடி இறைச்சியைத் தொடவே இல்லை. அதோடு சேர்த்துச் சுட்ட காய்கறிகளை மட்டும் தின்றவர்கள்.

மீதி இறைச்சி ஃப்ரீசரிலேயே இருந்தது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்வகத்துக்கு அது போய்ச் சேர்ந்தபோது உறைநிலையில் ஏறக்குறைய 110 நாள் கழிந்திருந்தது. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். நூல் சுருளைப்போல் கிடந்த இளம்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன.

வேட்டைக்காரர்களிடம் சொல்லப்பட்ட யோசனை முட்டாள்தனமானது அல்ல. நூறாண்டு ஆய்வு அதற்குப் பின்னால் இருக்கிறது. அந்த ஆய்வெல்லாம் பன்றியைப் பற்றியது என்பதுதான் கோளாறு.

கதை லண்டனில் தொடங்குகிறது. 1835 பிப்ரவரி. செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையின் பிணஅறுவைக் கூடத்தில் ஜேம்ஸ் பேஜெட் என்ற 21 வயது முதலாண்டு மாணவர், ஒரு இத்தாலியரின் உடலை அறுத்துக்கொண்டிருந்தார். உதரவிதானத்தில் வெள்ளை வெள்ளையாக மணல் தூவினாற்போல் புள்ளிகள். இதைப் பார்த்தது அவர் மட்டுமல்ல. அந்தக் கூடத்தில் கத்தி பிடித்த பலரும் முன்பே பார்த்திருக்கிறார்கள்; எலும்புத் துணுக்கு போலிருக்கிறது, கத்தி முனை மழுங்குகிறது என்று சலித்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்திருக்கிறார்கள். பேஜெட் அதில் ஒரு துண்டை எடுத்துவைத்துக்கொண்டார். மருத்துவமனையில் அவர் கைக்கு எட்டும்படி நல்ல நுண்ணோக்கி இல்லை. பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்த தாவரவியலாளர் ராபர்ட் பிரௌனிடம் போய் நின்று, அவருடைய கருவியில் பார்த்தார். ஒவ்வொரு மணலுக்குள்ளும் சுருண்ட ஒரு புழு.

அந்தத் தசைத் துண்டில் ஒரு பங்கு ரிச்சர்ட் ஓவனிடமும் போயிற்று. ஓவன் அப்போதே பெயர்பெற்ற உடற்கூற்றியலாளர். அவர் அதை விவரித்து, பெயர் வைத்து, விலங்கியல் கழகத்தில் வாசித்தார். புகழும் அவருக்கே போனது. முதலாண்டு மாணவனுக்கு இதில் என்ன உரிமை என்று நினைத்தாரோ என்னவோ! பேஜெட்டுக்கு அதனால் பெரிய நட்டம் ஒன்றுமில்லை. பிற்காலத்தில் இங்கிலாந்தின் தலைசிறந்த அறுவை மருத்துவர்களில் ஒருவராகி, ஒரு எலும்பு நோய்க்கே அவர் பெயர் நிலைத்தது.

பேஜெட் பார்த்த புள்ளிகள் சுண்ணாம்பு படிந்து கெட்டிப்பட்ட பழைய உறைகள். அந்த இத்தாலியருக்கு எப்போதோ தொற்றி, அவர் அதையும் தாங்கி வாழ்ந்து, வேறு நோயில் இறந்திருக்கிறார். அதனால் இந்தப் புழு மனிதனை ஒன்றும் செய்யாது, சதையில் குடியிருக்கும் ஒரு விநோதம் அவ்வளவுதான் என்ற எண்ணம் கால் நூற்றாண்டு நீடித்தது. 1846-இல் பிலடெல்பியாவில் ஜோசப் லைடி தம் சாப்பாட்டுத் தட்டில் இருந்த பன்றி இறைச்சியிலேயே அதே புள்ளிகளைக் கண்டார். அது பன்றிக்கும் உண்டு என்று தெரிந்ததே தவிர, பன்றியிலிருந்துதான் மனிதனுக்கு வருகிறது என்று எவரும் முடிச்சுப் போடவில்லை.

முடிச்சுப் போட்டவர் ஃபிரீட்ரிக் ஸெங்கர். 1860 ஜனவரியில் டிரெஸ்டன் நகர மருத்துவமனையில் ஒரு பணிப்பெண் இறந்தாள். டைஃபாய்டு என்று எழுதிவைத்திருந்தார்கள். ஸெங்கர் அவள் தசையை நுண்ணோக்கியில் பார்த்தபோது சுண்ணாம்பு உறை எதுவும் இல்லை. உயிருள்ள இளம்புழுக்கள் தசைநார்களுக்குள் இறைந்து கிடந்தன. குடலில் வளர்ந்த புழுக்கள். அவர் அதோடு நிற்காமல், அவள் வேலைபார்த்த பண்ணைவீட்டை விசாரித்தார். கிறிஸ்துமஸ் சமயத்தில் அங்கே பன்றி அறுத்திருந்தார்கள். மிஞ்சியிருந்த உப்பிட்ட தொடைக்கறியிலும் சாசேஜிலும் அதே புழு. அறுத்த கசாப்புக்காரர் பச்சையாக ருசி பார்த்திருந்தார், அவரும் படுக்கையில். சமையலறையிலிருந்து குடலுக்கு, குடலிலிருந்து தசைக்கு என்ற பாதை முதல்முறையாக ஒரே உடலில் தெரிந்தது.

ஐந்தே ஆண்டில் அதன் கோரமும் தெரிந்துவிட்டது. 1865-இல் பிரஷ்யாவின் ஹெடர்ஸ்லேபன் என்ற சிற்றூரில், கொத்திய பன்றிக்கறியைப் பச்சையாகத் தின்ற பழக்கத்தால் 337 பேர் நோயில் விழுந்தார்கள். 101 பேர் இறந்தார்கள். ஊரே பாடை கட்டிய கணக்கு. ருடோல்ஃப் ஃபிர்ஹோ முன்னின்று வற்புறுத்த, ஜெர்மானிய நாடுகளில் அறுத்த ஒவ்வொரு பன்றியின் தசையையும் நுண்ணோக்கியில் பார்த்தபிறகே விற்க வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. இந்தப் புழுவைக் காரணம் காட்டியே 1880-களில் ஜெர்மனி அமெரிக்கப் பன்றி இறைச்சியை உள்ளே விடாமல் நிறுத்தியது. பத்தாண்டு நீண்ட வியாபாரச் சண்டை அது. உள்நாட்டுப் பன்றி வியாபாரிகளுக்கு அதில் கிடைத்த இலாபத்தையும் மறந்துவிடக் கூடாது.

அமெரிக்கா வேறு வழி தேடியது. அந்நாட்டு வேளாண்மைத் துறையில் இருந்த பிரேட்டன் ரான்சம், குளிரில் இந்தப் புழு என்னவாகிறது என்று ஆராய்ந்து 1916-இல் வெளியிட்டார். உறைய வைத்தால் சாகிறது. அதிலிருந்து வளர்ந்த கணக்கு இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது: 15 சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் இல்லாத பன்றி இறைச்சியை மைனஸ் 15 டிகிரி செல்சியஸில் 20 நாள் வைத்தால் போதும். மைனஸ் 23 என்றால் 10 நாள், மைனஸ் 29 என்றால் 6 நாள். பன்றிகளுக்குப் பச்சை எச்சில் இறைச்சியைத் தீனியாகப் போடுவதற்கும் பின்னால் தடை வந்தது. 1940-களில் பிணப்பரிசோதனை செய்து பார்த்தபோது அமெரிக்கர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவர் தசையில் இந்தப் புழு இருந்தது. இன்றைக்கு அந்நாட்டில் ஒருவருக்கு இந்த நோய் வந்தால், மருத்துவர் புத்தகத்தைப் புரட்ட வேண்டியிருக்கிறது. அத்தனை பெரிய வெற்றி. அந்த வெற்றியிலிருந்துதான் ‘ஃப்ரீசரில் வைத்தால் புழு செத்துவிடும்’ என்பது ஊர்வழக்காக, யாரும் திருப்பிக் கேட்காத உண்மையாக மாறியது.

ரான்சம் காலத்தில் உலகமெங்கும் இருப்பது ஒரே வகைப் புழு என்றுதான் நினைத்திருந்தார்கள். ட்ரிக்கினெல்லா ஸ்பைராலிஸ். பன்றியில் இருப்பதும் அதுவே, நரியில் இருப்பதும் அதுவே, பனிக்கரடியில் இருப்பதும் அதுவே. உருவத்தில் ஒரு வித்தியாசமும் கிடையாது. நுண்ணோக்கியில் எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் அண்ணன் தம்பி மாதிரி ஒன்றாகவே தெரியும். 1972-இல் பிரிட்டோவ், போயெவ் என்ற சோவியத் ஆய்வாளர்கள் வடக்கின் காட்டு விலங்குகளில் இருப்பது தனி இனம் என்று பிரித்து, ட்ரிக்கினெல்லா நேட்டிவா என்று பெயர் வைத்தார்கள். அதன்பின் ஆப்பிரிக்கச் சிங்கத்திலும் கழுதைப்புலியிலும் ஒன்று, பறவைகளையும் பிடிக்கும் ஒன்று, முதலைக்குள் வாழும் ஒன்று என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. மரபணுவைப் படிக்கத் தெரிந்த பிறகுதான் இதெல்லாம் உறுதிப்பட்டது. பன்றிக்குச் சட்டம் எழுதி முடித்து அரை நூற்றாண்டு கழித்தே, கரடியில் இருப்பவன் வேறு ஆள் என்று தெரியவந்தது.

இந்தப் புழுவின் பிழைப்பைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். குளிரை அது ஏன் தாங்கக் கற்றது என்பது அதில்தான் இருக்கிறது.

நாடாப்புழுவும் கொக்கிப்புழுவும் வாழ்க்கையின் ஒரு கட்டத்திலாவது வெளியுலகைப் பார்க்கின்றன. முட்டை மலத்தோடு வெளியேறி மண்ணில் கிடக்கும், தண்ணீரில் மிதக்கும். ட்ரிக்கினெல்லா வெளியே வருவதே இல்லை. அதன் உலகம் முழுக்கச் சதைதான். சதையைத் தின்னும் பிராணியின் வயிற்றுக்குள் போகிறது. அமிலமும் பெப்சினும் சுற்றியிருக்கும் இறைச்சியைக் கரைத்து அதை விடுவிக்கின்றன. சிறுகுடல் சுவரில் புகுந்து, இரண்டே நாளில் வளர்ந்து, கூடி, ஒரு வாரத்துக்குள் பெண்புழு குட்டி போடத் தொடங்குகிறது. முட்டை அல்ல, நேராக உயிருள்ள குட்டி; நூற்றுக்கணக்கில். பந்தி முடிந்து ஓரிரு நாளில் வரும் வயிற்றுவலியும் பேதியும் இந்தக் கட்டம். ‘ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை’ என்று ஓமத்தண்ணீர் குடித்து மறந்துவிடும் கட்டமும் இதுவே.

குட்டிகள் நிணநீரிலும் ரத்தத்திலும் ஏறி உடம்பெங்கும் போகின்றன. எந்நேரமும் வேலை செய்கிற, ரத்தம் நிறைய ஓடுகிற தசையே அவற்றுக்குப் பிடித்த இடம்: நாக்கு, தாடைத்தசை, உதரவிதானம், கண்ணைச் சுழற்றும் தசை. இமை வீங்குவதும் மெல்லும்போது வலிப்பதும் இந்தக் கட்டத்தில்தான். இதயத்தசையில் அவை தங்குவதில்லை, ஆனால் கடந்துபோகும்போதே அதைப் புண்ணாக்கிவிடக் கூடும். இந்த நோயில் சாவு பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது.

எலும்புத்தசைக்குள் நுழைந்த குட்டி செய்யும் வேலை வியப்பானது. தான் புகுந்த தசை உயிரணுவை அது கொல்வதில்லை. அதன் தொழிலை மாற்றிவிடுகிறது. சுருங்கி விரிவதற்கான இழைகள் கரைகின்றன, உட்கருக்கள் பெரிதாகின்றன, வெளியே கொலாஜன் சுவர் எழும்புகிறது, அந்தச் சுவரைச் சுற்றி ஓம்புயிரின் செலவிலேயே புது ரத்தநாளங்கள் முளைத்து வலையாகின்றன. தசையாக இருந்தது செவிலி அணுவாகிறது. உள்ளே ஒரு மில்லிமீட்டர் நீளப் புழு சுருண்டு படுத்து, காத்திருக்கிறது. வருடக்கணக்கில். தான் குடியிருக்கும் பிராணி செத்து, இன்னொன்று அதைத் தின்ன வேண்டும். அதற்காகத்தான் காத்திருப்பு.

இந்தக் காத்திருப்பில் முக்கியமான நாட்கள் சாவுக்குப் பிந்தியவை. பிணம் விழுந்ததும் ரத்தஓட்டம் நிற்கிறது, ஆக்சிஜன் வருவதில்லை, சதை அழுகத் தொடங்குகிறது. எப்போது நரி வரும், எப்போது ஓநாய் வரும் என்று சொல்ல முடியாது. ஆக்சிஜன் இல்லாமலும் வாழத் தெரிந்த இந்தப் புழு, அழுகும் இறைச்சிக்குள் வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கிறது. மனிதர் வளர்க்கும் பன்றியின் உலகில் இது போதும். செத்த எலியைப் பன்றி தின்ன எத்தனை நாள் ஆகப்போகிறது? வடதுருவத்தில் கதை வேறு. அக்டோபரில் விழுந்த பிணம் மே மாதம் வரை கல்லாக உறைந்து கிடக்கும். அங்கே உறைந்தால் சாகிற புழுவுக்குச் சந்ததி இல்லை. தலைமுறை தலைமுறையாகக் குளிர் சலித்து எடுத்து விட்டுவைத்த மிச்சம்தான் நேட்டிவா. சஸ்காச்சுவான் கரடியில் இருந்ததும் இதுவே. ஒரு வீட்டு ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரி, இதன் சொந்த ஊரில் சாதாரணக் குளிர்காலம்.

இன்னொரு விநோதமும் உண்டு. இதே நேட்டிவாவை ஆய்வகத்தில் எலியின் தசைக்குள் வளர்த்தால், அந்தக் குளிர்தாங்கும் வலு பெரிதும் குறைந்துவிடுகிறது. கரடி, நரி போன்ற ஊனுண்ணிகளின் தசையில் இருக்கும்போதுதான் ஆண்டுக்கணக்கில் உறைந்தும் உயிரோடு இருக்கிறது. புழுவின் திறமை பாதி, அது படுத்திருக்கும் வீட்டின் திறமை பாதி. எலியில் செய்த ஆய்வை நம்பிக் கரடிக்கு விதி எழுதியிருந்தால் அதுவும் தப்பாகத்தான் போயிருக்கும்.

துருவத்தில் இந்தப் புழு பலிவாங்கியதாகச் சொல்லப்படும் மிகப் பிரபலமான கதை ஒரு பலூன் பயணம். 1897 ஜூலை 11-ஆம் தேதி சுவீடனைச் சேர்ந்த ஆண்ட்ரே, ஸ்ட்ரிண்ட்பெர்க், ஃபிரெங்கல் மூவரும் ஸ்வால்பார்டிலிருந்து ஹைட்ரஜன் பலூனில் வடதுருவத்தை நோக்கிக் கிளம்பினார்கள். மூன்றே நாளில் பலூன் பனிமேல் இறங்கிவிட்டது. அங்கிருந்து வண்டியிழுத்து நடந்து, பனிக்கரடிகளைச் சுட்டுத் தின்று, அக்டோபரில் குவித்தோயா என்ற தீவில் கரையேறினார்கள். அங்கேயே இறந்துபோனார்கள். 33 ஆண்டு கழித்து, 1930-இல், நார்வேக் கப்பல்கள் அவர்களுடைய எலும்புகளையும் நாட்குறிப்புகளையும் கழுவாத படச்சுருள்களையும் கண்டெடுத்தன. கழுவியபோது தேறிய படங்களில் ஒன்றில், சுட்டுவீழ்த்திய பனிக்கரடியின் அருகே அவர்கள் நிற்கிறார்கள்.

உணவு இருந்தது, தோட்டா இருந்தது, அடுப்பெரிக்க எண்ணெய் இருந்தது. பிறகு எப்படிச் செத்தார்கள்? எர்ன்ஸ்ட் ட்ரைட் என்ற டேனிஷ் மருத்துவர் நாட்குறிப்பில் வரும் வயிற்றுப்போக்கு, தசைவலி, அசதி எல்லாவற்றையும் அடிக்கோடிட்டுக்கொண்டு, அருங்காட்சியகத்தில் பாதுகாத்திருந்த அந்தக் கரடிகளின் மிச்சங்களைச் சுரண்டிப் பார்த்தார். ட்ரிக்கினெல்லா இருந்தது. 1952-இல் அதைப் புத்தகமாக எழுதினார். துப்பறியும் கதைக்குரிய கச்சிதம். அந்தக் கச்சிதமே எனக்கு உறுத்துகிறது. கரடியில் புழு இருந்தது என்பது கரடியைப் பற்றிய சாட்சியம் மட்டுமே. பனியில் மாதக்கணக்கில் வண்டியிழுத்தவர்களுக்குத் தசைவலிக்கும் அசதிக்கும் புழு தேவையில்லை. அவர்கள் அரைவேக்காட்டுக் கரடிக்கறி தின்றது நிச்சயம், தொற்று வந்திருக்கவும் கூடும். தொற்று வந்தவர்கள் எல்லோரும் சாவதில்லை என்பதற்குப் பேஜெட் அறுத்த இத்தாலியரே சாட்சி. மூன்று பேரும் சில நாட்களுக்குள் அடுத்தடுத்து விழுந்ததற்குக் குளிரும் களைப்புமே போதும் என்று வாதிடுபவர்கள் பக்கம்தான் நான் சாய்வேன்.

தெற்கு டகோட்டாவில் காய்கறி மட்டும் தின்ற இருவருக்கு வருவோம். வேகாத கரடித் துண்டிலிருந்து வடிந்த சாறும் ஒட்டிய துணுக்கும் குடைமிளகாயிலோ வெங்காயத்திலோ படிந்திருக்க வேண்டும்; கத்தியும் பலகையும் தட்டும்கூட அதைச் சுமந்திருக்கலாம். வேட்டை இறைச்சியின் ஆபத்து தின்பவரோடு நிற்பதில்லை என்பதற்கு வேறு உதாரணமே வேண்டாம். இந்த வகையில் பாக்டீரியா புழுவைவிட மோசம். 1995-இல் ஆரிகன் மாநிலத்தில் ஒரு வீட்டில் மான்கறியைக் கீற்றுக் கீற்றாக அறுத்து உலரவைத்தார்கள். உலர்த்திய சூடு 51 முதல் 57 டிகிரி செல்சியஸ் வரை. தின்றவர்களில் 11 பேருக்கு ஈ.கோலை ஓ157 என்ற கொடிய பாக்டீரியாவின் தொற்று. மான் நோயுற்று இருந்ததில்லை. மானின் குடலிலும் புழுக்கையிலும் அது சும்மா இருக்கும். தோலுரிக்கும்போதும் குடலெடுக்கும்போதும் இறைச்சிக்கு ஒட்டும். காட்டில் வேட்டைக்காரர்தான் கசாப்புக்காரர், அவரே சுகாதார ஆய்வாளர், கை கழுவத் தண்ணீர் எங்கே என்று தேடுபவரும் அவரே. குண்டு வயிற்றில் பாய்ந்திருந்தால் குடல் கிழிந்து, இறைச்சி அங்கேயே கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

இறைச்சியைக் காயவைப்பது, உப்பிலிடுவது, புகையூட்டுவது எல்லாம் கெடாமல் வைக்கும் வழிகள். புழுவைக் கொல்லும் என்று நம்ப முடியாது. மைக்ரோவேவ் அடுப்பு இறைச்சியை ஒரே சீராகச் சூடாக்குவதில்லை. நடுவில் பச்சையாக ஒரு முடிச்சு தப்பிவிடும். மிச்சம் இருப்பது நெருப்பு ஒன்றுதான். வேட்டை இறைச்சியின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸ் தொட வேண்டும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. கண்ணை நம்பாமல், முள் குத்துகிற வெப்பமானியை நம்பச் சொல்கிறது. எலும்பிலிருந்து கறி கழன்று வரும்வரை குழம்பில் கொதிக்கவிடும் நம் சமையலில் இந்த 74-ஐ எப்போதோ தாண்டிவிடுகிறோம். உப்புக்கண்டத்தைக்கூட வெயிலில் காயவைத்ததோடு விடாமல் பொரித்தோ குழம்பிலிட்டோதான் தின்கிறோம். (இந்தியாவில் காட்டு விலங்கை வேட்டையாடுவது 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பது தனி விஷயம்.) சுட்ட கறியின் நடுவில் செந்நிறம் இருந்தால்தான் ருசி என்ற மேலைநாட்டு ரசனையே இந்தப் புழுவுக்கு வாசல் திறந்துவைக்கிறது.

நோய் வந்துவிட்டால் மருந்து நாம் அறிந்ததுதான். அல்பெண்டசோல். பள்ளிக்கூடங்களில் பிப்ரவரி மாதம் குழந்தைகளை வரிசையில் நிற்கவைத்துக் கொடுக்கிறார்களே, அந்தப் பூச்சி மாத்திரை. நம் பிள்ளைகளுக்கு ஒரே மாத்திரையோடு முடிகிறது. ட்ரிக்கினெல்லாவுக்குப் பல நாள் தொடர்ந்து கொடுக்க வேண்டும். அதுவும் குடலில் புழு இருக்கும் முதல் சில நாளில் கொடுத்தால்தான் முழுப்பலன். தசைக்குள் புகுந்து சுவர் எழுப்பிக்கொண்ட பிறகு மருந்து அங்கே சரியாக எட்டுவதில்லை. கண் வீங்கி, காய்ச்சல் ஏறி, மருத்துவர் சந்தேகிக்கும் நேரத்தில் பெரும்பாலும் அந்தக் கட்டம் வந்துவிட்டிருக்கும். 2016-க்கும் 2022-க்கும் இடையில் அமெரிக்காவில் கூட்டமாகப் பரவிய நிகழ்வுகள் ஏழு, நோயாளிகள் 35 பேர். அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கரடி இறைச்சியே காரணம். எண்ணிக்கை சிறிது. அந்தச் சிறுமையால்தான் மருத்துவருக்குச் சட்டென்று நினைவு வருவதில்லை.

நன்றாக வேகவை என்று சொல்வது சுலபம். வேகவைக்காமல் தின்பதே முறையாக இருக்கும் ஊரில் என்ன செய்வது? கனடாவின் கியூபெக் மாகாணத்து வடக்கே, நுனாவிக் பகுதியில் வாழும் இனுயிட் மக்களுக்கு வால்ரஸ் வேட்டை ஊர்கூடித் தேர் இழுப்பதுபோன்ற காரியம். இலையுதிர்காலத்தில் படகில் போய் வேட்டையாடிவந்து, இறைச்சியைப் பங்கிட்டு, ஒரு பகுதியை அதன் தோலிலேயே மூட்டையாகத் தைத்துக் கடற்கரைக் கற்களுக்கு அடியில் மாதக்கணக்கில் புதைத்துவைப்பார்கள். நொதித்துப் பழுத்த அந்த இறைச்சிக்கு இகுனாக் என்று பெயர். பச்சையாகத்தான் தின்ன வேண்டும். வால்ரஸ் பெரும்பாலும் சிப்பி தின்னும் பிராணி. ஆனால் சில வால்ரஸ்கள் சீலையும் பிடித்துத் தின்கின்றன. அந்த வழியாக நேட்டிவா ஏறிக்கொள்கிறது. 1947-இல் மேற்குக் கிரீன்லாந்தில் 300 பேர் நோயுற்று 33 பேர் இறந்தபோதும் சந்தேகம் வால்ரஸ்மேல்தான் விழுந்தது.

நுனாவிக்கில் நோய் இன்னொரு முகத்தையும் காட்டியது. 1989-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அங்கே சிலருக்குக் காய்ச்சலோ பெரிய தசைவலியோ இல்லாமல், வாரக்கணக்கில் விடாத பேதி மட்டும் இருந்ததைக் கவனித்துப் பதிந்தது. பலமுறை தொற்று கண்ட உடம்பு புழுவைத் தசைவரை போகவிடாமல் குடலிலேயே சண்டை போடுகிறது. அந்தச் சண்டைதான் பேதி. ஐரோப்பிய நோயாளிகளை வைத்து எழுதிய பாடப்புத்தகத்தில் இது இல்லை. மருத்துவத்திலும் ஒரு ஊருக்கு எழுதியது இன்னொரு ஊருக்குப் பொருந்தாமல் போயிருக்கிறது.

1990-களில் நுனாவிக் மக்கள் ஆய்வாளர்களோடு சேர்ந்து ஒரு திட்டம் தொடங்கினார்கள். பச்சையாகத் தின்னாதே என்று உபதேசிக்கவில்லை. அது ஒருபோதும் நடக்காது என்று இரு தரப்புக்கும் தெரியும். வேட்டையாடிய ஒவ்வொரு வால்ரஸின் நாக்கையும் அறுத்து, எண் எழுதிய அட்டையோடு கூஜ்ஜுவாக் ஊரில் உள்ள ஆய்வகத்துக்கு விமானத்தில் அனுப்பிவிட வேண்டும். அதே எண் இறைச்சி மூட்டையிலும் இருக்கும். புழு அடர்ந்து கிடக்கும் தசை என்பதால்தான் நாக்கு. ஆய்வகத்தில் அதை அரைத்து, பெப்சினும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்த்த நீரில் 45 டிகிரி அளவில் அரைமணி நேரம் சுழலவிடுகிறார்கள். வயிற்றில் நடப்பதையே கண்ணாடிக் குவளையில் செய்து காட்டும் வேலை. இறைச்சி கரைந்துவிடும், புழு கரையாது. வடிகட்டி, அடியில் படிந்ததை நுண்ணோக்கிக்குக் கீழே வைத்தால் ஐந்து நிமிடத்தில் பதில் தெரிந்துவிடும்.

முடிவு ஊருக்குத் தெரிவிக்கப்படும்வரை பங்கு பிரிப்பதில்லை. புழு இருந்த வால்ரஸின் இறைச்சி முழுவதையும் அந்த எண்ணைப் பார்த்து ஒதுக்கி அழித்துவிடுகிறார்கள். மற்றவை வீடு வீடாகப் போகின்றன. வேகவைக்க விரும்புபவர் வேகவைக்கிறார், மற்றவர்கள் கற்களுக்கு அடியில் புதைக்கிறார்கள்.